ஆகஸ்ட் கடைசியில் சஸ்குவஹானாவில் மீன் பிடிக்க: இறங்கி நடப்பதா, கயாக்கா, வழிகாட்டியின் படகா?

பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் அருகே சஸ்குவஹானா ஆறு கிட்டத்தட்ட ஒரு மைல் அகலம். பாலத்தின் மேல் காரில் போகும்போது பார்த்தால் இதில் யார் இறங்குவார்கள் என்று தோன்றும். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் கரையிலிருந்து இறங்கி நடந்தால், பல இடங்களில் இருநூறு முந்நூறு அடி தூரத்துக்குத் தண்ணீர் பெரும்பாலும் முழங்காலைத் தாண்டாது. படுகைப் பாறை வரிவரியாக ஆற்றின் குறுக்கே கிடக்கிறது. ஒரு வரியின் மேல் நின்றால் கணுக்கால் நனையும், அடுத்த அடி வைத்தால் இடுப்பு வரை போகும். நியூயார்க் மாநிலத்து ஆட்ஸீகோ ஏரியில் தொடங்கி 444 மைல் ஓடி செசபீக் விரிகுடாவில் கலக்கிற பெரிய ஆறு, கோடை முடிகிற நேரத்தில் இங்கே எலும்பு தெரிய இளைத்துப்போய்க் கிடக்கும்.

ஸ்மால்மவுத் பாஸ் மீன் பிடிக்க எனக்கு மிகவும் பிடித்த காலம் இதுதான். மெக்கானிக்ஸ்பர்க், ஹாரிஸ்பர்க் பக்கம் குடியிருக்கும் நம் ஆட்கள் பலர் இந்த நேரத்தில்தான் என்னிடம் கேட்பார்கள்: ஒரே ஒரு சனிக்கிழமை இருக்கிறது, எப்படிப் போவது? வழி மூன்று. ஆற்றில் இறங்கி நடந்து வீசலாம். கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு மிதந்து போகலாம். காசு கொடுத்து வழிகாட்டியின் ஜெட் படகில் போகலாம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குறைந்து தெளிந்திருந்தால், உங்களுக்கு நீந்தத் தெரிந்திருந்தால், இறங்கி நடங்கள். அதுவும் மாலையில். மற்ற இரண்டும் நல்ல வழிகள்தான், ஆனால் அவற்றுக்கான நாட்கள் வேறு.

ஏன் என்று புரிய மீனைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்மால்மவுத்தின் உடம்பு வெண்கல நிறம், பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மங்கிய பட்டைகள், கண் சிவப்பு. வாயின் ஓரம் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகாது, அப்படிப் போனால் அது அதன் உறவுக்கார மீனான லார்ஜ்மவுத். ஏரியிலும் வாழும். ஆனால் ஆற்றில் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி வளர்ந்த ஸ்மால்மவுத் பன்னிரண்டு அங்குலம்தான் இருந்தாலும் கோலை வளைத்துவிட்டுத் தண்ணீருக்கு மேலே மூன்று முறை துள்ளும். பதினெட்டு அங்குலம் மாட்டினால் அன்று இரவு தூக்கம் வராது.

இது இந்த ஆற்றின் பூர்வீக மீன் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே ஓஹையோ ஆற்றுப் பக்கத்து மீன் இது. 1854ல் பால்டிமோர் அண்ட் ஓஹையோ ரயில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் கொண்டுவந்து, மேரிலாந்தின் கம்பர்லாண்டில் பொட்டோமாக் ஆற்றில் விட்டார்கள். அதற்குப் பிறகு கிழக்கு ஆறுகள் ஒவ்வொன்றாக அதன் வீடாகிவிட்டன. பாறைப் படுகை, ஓடும் நீர், கல்லுக்கடியில் கிரேஃபிஷ் என்கிற சின்ன நன்னீர் இறால், அதற்கு வேண்டியதெல்லாம் சஸ்குவஹானாவில் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஆற்று நீர் 25 டிகிரி செல்சியஸைச் சுலபமாகத் தாண்டும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. அதனால் விடியற்காலையிலும் அந்திப் பொழுதிலும் மீன்கள் கல்லில் மோதிச் சலசலத்து ஓடும் ஆழமில்லாத இடங்களுக்கு வந்து மேயும். காற்று கலந்த நீரும் அடித்துவரும் இரையும் அங்கேதான் கிடைக்கும். வெயில் ஏறியதும் பாறை வரிகளின் நிழலுக்கும் கசங்களுக்கும் இறங்கிவிடும். இன்னொன்று, இந்தச் சமயத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். நீங்கள் மீனைப் பார்ப்பதற்கு வெகு முன்பே மீன் உங்களைப் பார்த்துவிடும். ஆழம் குறைவு, தெளிவு அதிகம், நல்ல மீன் சலசலப்பில். மூன்று வழிகளையும் எடைபோட எனக்கு இந்த மூன்றும்தான் படிக்கல்.

இறங்கி நடக்கிறவனுக்கு இருக்கும் பெரிய வசதி, நிற்க முடிவது. ஒரு சலசலப்பின் கீழே நின்று, மேல்நோக்கி வீசி, இரையை நீரோட்டம் கொண்டுவரும் போக்கிலேயே விட்டு, அதே இடத்துக்கு இருபது முறை வீசலாம். மீன்கள் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்திருக்கும், நீங்கள் பின்னாலிருந்து வருகிறீர்கள். நிழல் விழுவதில்லை, துடுப்புச் சத்தம் இல்லை. படகில் போகிறவர் இதே இடத்தை ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுவார். இருநூறு கெஜ நீளத்தில் நான் மூன்று மணி நேரம் செலவழித்திருக்கிறேன். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் கடிக்காத இடத்திலேயே வெளிச்சம் மங்கிய பிறகு ஏழு மீன் வந்திருக்கிறது.

செலவும் குறைவு. ஆகஸ்டில் ரப்பர் கால்சட்டை தேவையில்லை, சீக்கிரம் காய்கிற சாதாரண கால்சட்டை போதும். காலணியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஆற்றுக் கல் பாசி பிடித்துச் சோப்பு போட்ட தளம் மாதிரி இருக்கும், செருப்போடு இறங்கினால் விழுவது உறுதி. அடியில் ஆணி பதித்த ஆற்று பூட்ஸ் வாங்குங்கள். கையில் ஊன்றுகோல் ஒன்று. ஆறரை அடி அல்லது ஏழடி நீளத்தில் இலேசான ஸ்பின்னிங் கோல், எட்டு பவுண்டு இழுவை தாங்கும் நூல். பதினாறு வயதும் அதற்கு மேலும் என்றால் பென்சில்வேனியா மீன்பிடி உரிமம் கட்டாயம், இணையத்திலேயே வாங்கலாம்.

பெட்டி நிறைய இரை வேண்டாம். நான் சட்டைப் பையில் இரண்டே வகை கொண்டுபோகிறேன். ஒன்று, ட்யூப் என்கிற மென்மையான ரப்பர்க் குழாய் இரை, பழுப்பு கலந்த பச்சை நிறத்தில். உள்ளே எடை வைத்த முள் இருக்கும். அதைக் கல்லுக்கு நடுவே விழவிட்டு, சின்னதாகத் துள்ளவைத்து, மறுபடி விழவிட்டால், கிரேஃபிஷ் பின்னோக்கிப் பாய்ந்து ஒளிகிற மாதிரியே இருக்கும். ஸ்மால்மவுத்துக்குக் கிரேஃபிஷ் என்றால் உயிர். கல்லில் மாட்டி அறுந்துபோகும், அதனால் பத்துப் பன்னிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தண்ணீரின் மேலே 'பளக்' என்று சத்தம் எழுப்பும் பாப்பர். காலையிலும் மாலையிலும் பாப்பர், இடையில் ட்யூப்.

உயிருள்ள கிரேஃபிஷையே முள்ளில் மாட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். மாட்டலாம், நன்றாகவே கடிக்கும். ஆனால் ரஸ்டி என்கிற வெளியூர்க் கிரேஃபிஷ் 1970களிலேயே இந்த ஆற்றுக்குள் நுழைந்து உள்ளூர் இனங்களை ஒதுக்கிவிட்டது. அதனால் பிடித்த ஆற்றிலேயே இரையாகப் பயன்படுத்தாவிட்டால், பிடித்தவுடன் கண்ணுக்குப் பின்னால் தலையைக் கிள்ளிவிட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வாளியில் உயிரோடு போட்டு வேறு ஓடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அதோடு, உயிர் இரையை மீன் ஆழமாக விழுங்கிவிடும், முள்ளை எடுக்கும்போது தொண்டை கிழியும். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

மாலை என்று சொன்னதற்குத் தனிக் காரணம் உண்டு. ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முழுவதும் இந்த ஆற்றில் வெள்ளை ஈ எழும். மே ஈ வகைகளில் ஒன்று இது. நம் ஊரில் முதல் மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்குமே, அதை ஒரு மைல் அகல ஆற்றின் மேல் நினைத்துப் பாருங்கள். படுகையில் புதைந்து வளர்ந்த பூச்சிகள், மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும் ஒன்று, பத்து, ஆயிரம் என்று தண்ணீரைக் கிழித்து மேலே வரும். ஆண்கள் பறந்துகொண்டே கடைசித் தோலை உரிக்கும், பெண்கள் உரிப்பதே இல்லை. அன்று இரவே முட்டையிட்டுச் செத்துப்போகும். பாலத்து விளக்குகளுக்கு அடியில் பனிபோலக் குவியும். கொலம்பியா, ரைட்ஸ்வில் ஊர்களை இணைக்கும் பாலத்தில் 2015ல் மே ஈக் குவியலில் மோட்டார் சைக்கிள்கள் வழுக்கி விழுந்ததே உண்டு.

அந்த அரைமணி நேரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றால், உங்களைச் சுற்றி எல்லாத் திசையிலும் வட்டம் வட்டமாக நீர் உடையும். பகலெல்லாம் கசத்தில் கிடந்த மீன்கள் மேலே வந்து ஈக்களை உறிஞ்சிக்கொண்டிருக்கும். வெள்ளை நிறத்தில் சின்ன பாப்பரை அந்த வட்டங்களுக்குப் பக்கத்தில் போட்டு, இழுக்காமல் சும்மா விடுங்கள். பூச்சி செத்து மிதக்கிறது, அதனால் இரையும் மிதக்கத்தான் வேண்டும். ஃப்ளை ராட் என்கிற, பூச்சி மாதிரியான இலேசான போலி இரையை வீசும் கோல் தெரிந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. ஆகஸ்ட் முதல் பாதியில் எழுச்சி உச்சத்தில் இருக்கும், கடைசி வாரத்தில் மெலிந்துபோகும். ஆனால் மெலிந்த மாலையில் மீன்களுக்குத் தேர்ந்தெடுக்க ஈ குறைவு, உங்கள் இரைக்கு மதிப்பு அதிகம்.

சரி, நடப்பதன் குறைகளையும் சொல்ல வேண்டும். இது எல்லோருக்குமான வழி இல்லை. நீந்தத் தெரியாதவர், முழங்கால் வலி உள்ளவர், சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர், இவர்களுக்கு நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கிளம்பும் முன் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ஹாரிஸ்பர்க் நீர்மட்ட அளவைப் பாருங்கள், இணையத்தில் நேரத்துக்கு நேரம் வரும். அது மூன்றரை அடிப் பக்கம் இருந்தால் நான் தைரியமாக இறங்குவேன். நான்கைத் தாண்டினால் கரையோரம் மட்டும். ஐந்து என்றால் இறங்குவதில்லை. இது சட்டமில்லை, நானாக வைத்துக்கொண்ட கணக்கு. இடுப்புக்கு மேல் போகாதீர்கள், தனியாக அந்தியில் இறங்காதீர்கள், நெஞ்சில் மிதவைப் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள், தலைவிளக்கு எடுத்துப் போங்கள். போகும்போது தெளிவாகத் தெரிந்த பாறை வரி, திரும்பும்போது இருட்டில் தெரியவே தெரியாது.

எங்கே இறங்குவது என்பதும் முக்கியம். நகரத்துக்கு மேலே, ஃபோர்ட் ஹன்டர், மேரிஸ்வில், டங்கனன் பக்கங்களில் இறங்குங்கள். கீழே போகப் போக சேஃப் ஹார்பர், ஹோல்ட்வுட், கொனோவிங்கோ என்று நீர்மின் அணைகள் வருகின்றன. மின்சாரம் எடுக்கத் தண்ணீரைத் திறந்தால் அணைக்குக் கீழே மட்டம் சடாரென்று ஏறும். நடக்கிறவனுக்கு அந்தப் பக்கம் ஆகாது.

கயாக்குக்கு வருவோம். ஆற்றின் நடுவே சின்னச் சின்னத் தீவுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஓரங்களில் நீர்ப்புல் அடர்ந்து நிற்கும். கரையிலிருந்து நடந்து அங்கே போய்ச் சேர முடியாது, நடுவில் ஆழமான வாய்க்கால்கள் குறுக்கிடும். யாரும் வீசாத தண்ணீர் வேண்டும் என்றால் கயாக்தான். டங்கனனில் இறக்கி ஃபோர்ட் ஹன்டரில் ஏறுவது நல்ல ஒரு நாள் பயணம், ஏழெட்டு மைல் வரும். ஜூனியாட்டா ஆறு வந்து சேர்கிற இடத்துக்குக் கீழே தொடங்கி, மலைகள் இருபுறமும் நெருங்கும் டாஃபின் குறுக்கத்தின் வழியாகப் போவீர்கள். அங்கே ஆற்றின் நடுவே பழைய ரயில் பாலத் தூண் ஒன்றின் மேல் சுதந்திர தேவி சிலையின் சின்ன நகல் நிற்கும். முதலில் 1986ல் வைத்தது, புயலில் போன பிறகு மறுபடி கட்டினார்கள். ஏறும் இடத்திலிருந்து கீழே பார்த்தால் ராக்வில் பாலம் தெரியும். 1902ல் கட்டி முடித்த கல் வளைவு ரயில் பாலம், 48 வளைவுகள், இன்றும் சரக்கு ரயில் போகிறது. மீன் கிடைக்காவிட்டாலும் போய்வரத் தகுந்த வழி.

ஆனால் ஆகஸ்ட் கடைசியில் இதே பயணம் கை கால் ஒடிக்கும். மூன்று வருடங்களுக்கு முன் வாடகைக் கயாக் கொடுத்த இடத்தில் 'மட்டம் சரியாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம்' என்றார்கள். நானும் அளவைப் பார்க்காமல் நம்பிப் போனேன். பாதிக்கு மேல் தூரம் கயாக்கைக் கயிறு கட்டிப் பாறை மேல் இழுத்துக்கொண்டு நடந்தேன். நான்கு மணி நேரம் என்று நினைத்தது ஒன்பது மணி நேரமானது. பிளாஸ்டிக் பாறையில் உரசும் சத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனும் நிற்கவில்லை. மாலை நேரம், அதாவது அன்றைக்கு நல்ல நேரம், துடுப்புப் போடுவதிலேயே போய்விட்டது. கயாக்கில் போனால் இரண்டு கார் வேண்டும், அல்லது திரும்பக் கூட்டிப்போக ஆள் வேண்டும். இருட்டுவதற்குள் ஏறியாக வேண்டும் என்பதால் வெள்ளை ஈயை விட்டுவிட வேண்டிவரும். எனக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

கயாக்கில் போகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஹாரிஸ்பர்கில் டாக் ஸ்ட்ரீட் அணை என்று ஆற்றின் குறுக்கே தாழ்வான அணை இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஒரு கோடு மாதிரிதான் தெரியும், அணை என்றே தோன்றாது. அதன் காலடியில் நீர் பின்னோக்கிச் சுழலும், விழுந்தவரை வெளியே விடாது. பலர் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். நகரத்துக்கு மேலேயே ஏறிவிடுங்கள். மாநில மீன், படகு ஆணையத்தின் படித்துறைகளில் கயாக் இறக்க அனுமதிச் சீட்டு அல்லது படகுப் பதிவு வேண்டும். ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை படகில் இருந்தாக வேண்டும், பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் அதைப் போட்டே இருக்க வேண்டும். பெரியவர்களும் போட்டுக்கொண்டே இருங்கள்.

வழிகாட்டியின் படகைப் பற்றிக் குறைவாகவே சொல்ல இருக்கிறது. இந்த ஆற்றில் சாதாரண விசிறி எஞ்சின் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, பாறையில் பட்டு உடையும். அதனால் தட்டையான அலுமினியப் படகில், தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சும் ஜெட் எஞ்சின் வைத்து ஓட்டுகிறார்கள். சில அங்குல ஆழத்திலும் பறக்கும். இரண்டு பேருக்கு ஒரு நாள் என்றால் நான்கைந்து நூறு டாலராவது ஆகும். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிப்போக, பிள்ளைகளுக்கு முதல் மீன் பிடித்துக் காட்ட, தூண்டில் கோலையே தொட்டுப் பார்க்காதவர் தொடங்க, இது சிறந்த வழி. நான் முதல் வருடம் அப்படித்தான் போனேன். ட்யூபைக் கல்லில் மாட்டாமல் துள்ளவைப்பது எப்படி என்று அந்த எட்டு மணி நேரத்தில் கற்றது இன்றும் கையில் இருக்கிறது. நல்ல மழை பெய்து ஆறு கலங்கி ஐந்தடிக்கு மேல் ஓடுகிற வாரத்தில், நடப்பதும் கயாக்கும் ஆபத்து, அனுபவமுள்ள ஆள் ஓட்டும் படகு மட்டுமே மிச்சம். அப்போது அவர் போகலாம் என்றால் போங்கள், வேண்டாம் என்றால் அவர் சொல்லைக் கேளுங்கள். ஆனால் தண்ணீர் வற்றித் தெளிந்திருக்கும்போது அந்த எஞ்சின் சத்தம் கால் மைல் முன்னாலேயே மீனுக்குச் செய்தி சொல்லிவிடும். பெரும்பாலும் பகல் நேரப் பயணம் வேறு.

நான் நடப்பதன் பக்கம் சாய்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது வலிக்கிற காரணம். ஒரு ஆகஸ்ட் மதியம், நண்பரின் படகிலிருந்து பதினெட்டரை அங்குல மீன் ஒன்றைப் பிடித்தேன். அதுவரை நான் பிடித்ததில் பெரியது அதுதான். வெகு நேரம் மல்லாடவிட்டு, படகுக்குள் தூக்கி, அளந்து, நான்கைந்து படம் எடுத்து, பிறகு விட்டேன். வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. படகை அதன் பின்னாலேயே விட்டு, கையில் பிடித்து நீரோட்டத்துக்கு எதிரே நிறுத்திப் பார்த்தேன். செவுள் ஒருமுறை அசைந்தது, அப்புறம் அசையவில்லை. சூடான நீரில் களைத்த மீனுக்குக் காற்றில் கழியும் ஒவ்வொரு விநாடியும் கடன். தண்ணீர் 27 டிகிரியைத் தாண்டியிருந்தால் இப்போதெல்லாம் மதியத்தில் தூண்டில் போடுவதே இல்லை. ஆற்றில் நிற்கும்போது மீனைத் தூக்கவே வேண்டியதில்லை. அது நீருக்குள் இருக்கும்போதே முள்ளைக் கழற்றிவிடலாம், முள்முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியை நசுக்கி வைத்திருந்தால் ஒரு திருப்பில் வந்துவிடும்.

இந்த ஆற்றில் அது அதிகம் முக்கியம். 2005ல் சஸ்குவஹானாவின் குட்டி ஸ்மால்மவுத்கள் புண் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. அடுத்தடுத்த வருடங்களிலும் தொடர்ந்து, பெரிய மீன்களின் எண்ணிக்கையும் சரிந்தது. அதன் பிறகு ஆற்றின் நெடிய பகுதியில், பிடித்த பாஸை உடனே விட்டுவிட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். இப்போது மீன்கள் திரும்பி வந்திருப்பதை என் தூண்டிலிலேயே பார்க்கிறேன். போகும் பகுதிக்கு இந்த வருட விதி என்ன என்று ஆணையத்தின் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

குழம்பு வைக்கலாமா என்ற கேள்வி நம் வீடுகளில் கட்டாயம் வரும். பென்சில்வேனியாவில் ஆறு ஏரிகளில் தூண்டிலிட்டுப் பிடித்த மீனை வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்று மாநிலம் பொதுவாகவே எச்சரிக்கிறது, சில இடங்களுக்கு இன்னும் கடுமை. நான் பாஸைச் சமைப்பதில்லை. பதினைந்து அங்குலம் வளரவே அதற்குப் பல வருடம் ஆகிறது.

ஆக, உங்கள் சனிக்கிழமை எது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மட்டம் மூன்றரை அடி, வானம் தெளிவு, கூட வர ஒரு நண்பர் உண்டு என்றால் மாலை ஐந்து மணிக்கு இறங்குங்கள். இடி இருக்கிறது என்று முன்னறிவிப்பு சொன்னால் வேண்டாம், கையில் இருப்பது மின்சாரம் பாயும் கார்பன் கோல். குடும்பத்தோடு என்றால் படகை முன்கூட்டியே பேசி வையுங்கள், காலை முதல் நேரத்தைக் கேளுங்கள். கயாக் ஆசை இருந்தால் செப்டம்பர் நடுவரை பொறுங்கள். ஒரு நல்ல மழைக்குப் பிறகு மட்டம் அரையடி ஏறித் தெளிந்திருக்கும், தண்ணீர் இருபது டிகிரிப் பக்கம் குளிர்ந்திருக்கும், மீன்கள் குளிர்காலத்துக்கு முன் பகலெல்லாம் மேயத் தொடங்கியிருக்கும். அப்போது மாலைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ட்யூபை வைத்துவிட்டு, சின்ன மீன் மாதிரி நெளியும் வெள்ளை ரப்பர் இரையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் என்றால் நான் ஃபோர்ட் ஹன்டருக்கு மேலே, கரையிலிருந்து மூன்றாவது பாறை வரியில் நிற்பேன். வெள்ளை ஈ இன்னும் சில நாள் வரும். தலைவிளக்கைக் கரைக்கு வந்த பிறகு போடுங்கள், ஆற்றில் போட்டால் அத்தனையும் முகத்துக்கு வரும்.